மழை விட்டு மூன்று வாரம், கண்மாய் இன்னும் தெளியவில்லை

கரைமேட்டான்:
சிவகங்கைப் பக்கம் எங்கள் ஊர். ஐப்பசியில் இரண்டு நாள் விடாமல் அடித்ததில் ஒரே ராத்திரியில் கண்மாய் நிரம்பி மறுகால் போய்விட்டது, அதுவரைக்கும் சந்தோஷம்தான். ஆனால் அன்றைக்குச் செம்மண் கரைத்த மாதிரி இருந்த தண்ணீர் இன்றைக்கும் அப்படியே நிற்கிறது. முன்பெல்லாம் ஒரு வாரத்தில் படித்துறையின் மூன்றாவது படி கண்ணுக்குத் தெரியும். இப்போது முதல் படியில் இறங்கினாலே பாதம் தெரியவில்லை, துவைத்த வேட்டியைப் பார்த்துச் சாமியாராகிவிட்டாயா என்று கேட்கிறார்கள். மழை கூடிப்போனதுதான் காரணமா?

மண்வெட்டி:
மழையைத் திட்டாதீர்கள் அண்ணே. வரத்துக்கால் வழியே மேலே ஒரு நடை நடந்து பாருங்கள். எங்கள் ஊரில் மேய்ச்சல் நிலத்தைப் பொக்லைன் விட்டுச் சுரண்டி பிளாட் போட்டார்கள், கல் ஊன்றிய வருஷமே கண்மாய் காப்பி நிறத்துக்கு வந்துவிட்டது. புல் இருந்தால் மழைத்துளி அதில் பட்டுச் சிதறிவிடும். வெறும் மண் என்றால் நேரே அடித்துக் கட்டியை உடைத்து மாவாக்கும், அந்த மாவுதான் உங்கள் வேட்டியில்.

பழைய வாத்தியார்:
அவர் சொல்வது சரி, ஆனால் ஏன் தெளியவில்லை என்பது தனிக் கதை. அசையாத தண்ணீரில் மணல் ஒரு மீட்டர் இறங்க ஒன்றிரண்டு நிமிஷம், வண்டலுக்குச் சில மணி நேரம். களிமண்ணில் 2 மைக்ரான் (மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துகளுக்கு மூன்று நாள், 1 மைக்ரானுக்குப் பன்னிரண்டு நாளுக்கு மேல். அதற்குள் காற்று அடிக்கும், மாடு இறங்கும், குத்தகைக்காரர் விட்ட கெண்டை அடிச்சேற்றைக் கிளறும், கணக்கு மறுபடி முதலிலிருந்து. போதாததற்குக் களித்துகள் எல்லாம் எதிர்மின் ஏறியவை, ஒன்றையொன்று தள்ளுமே தவிர ஒட்டாது. இரண்டு பாட்டிலில் கண்மாய்த் தண்ணீர் பிடித்து ஒன்றில் மட்டும் ஒரு ஸ்பூன் கல் உப்பு போட்டு ராத்திரி வையுங்கள். உப்பு அந்தத் தள்ளலை அடக்கித் துகள்களை ஒட்டவைக்கும், அதனால் உப்பு போட்டது மட்டும் தெளிந்தால் களிதான். (கண்மாயில் உப்பு மூட்டை கொட்டக் கிளம்பிவிட வேண்டாம்.)

தூரதேசத்தான்:
நான் கலிபோர்னியாவில் இருக்கிறேன். இங்கே தாஹோ ஏரியில் 10 அங்குல வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டி இறக்கி, எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று 1968 முதல் அளக்கிறார்கள். அந்த வருஷச் சராசரி 31 மீட்டர், 2017-இல் 18 மீட்டர் சொச்சம். பல வருஷ வறட்சிக்குப் பிறகு ஒரேயடியாகக் கொட்டிய குளிர்கால மழையும் பனியும் காய்ந்த மண்ணை வாரிக்கொண்டு வந்ததுதான் காரணம் என்றார்கள். அடுத்த வருஷம் 21 மீட்டரைத் தாண்டியது. இங்கேயும் வில்லன் 16 மைக்ரானுக்குக் கீழான பொடிதான்.

மண்வெட்டி:
நம்ம கண்மாயே 18 மீட்டர் ஆழம் கிடையாது சாமி.

கரைமேட்டான்:
வாத்தியார் ஐயா, உப்பு போட்ட பாட்டில் காலையில் பளிச்சென்று இருந்தது, அடியில் காகிதக் கனத்துக்குச் சிவப்பு. மற்றது பால் விட்ட டீ மாதிரி அப்படியே. (தண்ணீர் தெளிய அம்மாச்சி பானையில் தேற்றாங்கொட்டை உரசியது ஞாபகம் வந்தது.) வரத்துக்காலிலும் நடந்தேன். பிளாட் எதுவும் இல்லை. போன சித்திரையில் தூர் வாரியபோது இரண்டு கரையிலும் இருந்த நாணல், கோரை எல்லாவற்றையும் சேர்த்து வழித்துப்போட்டிருக்கிறார்கள். இப்போது கரை மொட்டையாக நிற்கிறது, ஆள் உயரத்துக்கு அறுத்திருக்கிறது, கை வைத்தால் உதிர்கிறது. அந்த வேலை முடிந்த அன்று பொக்லைன்காரருக்கு மாலை போட்டதே நான்தான்.

மண்வெட்டி:
சரி விடுங்கண்ணே. கரை ஈரம் காய்வதற்குள் வெட்டிவேர் நாற்று நடுங்கள், நெருக்கமாக, குறுக்கு வரிசையாக. ஆடு கடிக்காமல் முதல் மூன்று மாதம் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்.

கரைமேட்டான்:
ஆடே என்னுடையதுதான்.