மன அதிர்ச்சிக்குத் தங்கிச் சிகிச்சை: எங்கள் அனுபவங்கள்

தங்கிச் சிகிச்சை பெற்றவர்:

தங்கிச் சிகிச்சை என்றதும் பலருக்கு வரும் முதல் பயம், போன அன்றே உட்கார வைத்து நடந்ததையெல்லாம் சொல்லச் சொல்வார்களோ என்பதுதான். நான் இருந்த இடத்தில் அப்படி இல்லை. "இப்போதைக்கு எதுவும் சொல்ல வேண்டாம்மா, முதல்ல தூக்கம் வரட்டும்" என்றார் டாக்டர். ஆரம்ப நாட்கள் முழுக்கத் தூக்கம், வேளைக்குச் சாப்பாடு, நடை, மூச்சுப் பயிற்சி. பழைய நினைவு திடீரென்று அழுத்தும்போது நிகழ்காலத்துக்குத் திரும்பவும் பழக்கினார்கள்: கண்ணில் படுகிற 5 பொருள், தொட முடிகிற 4, காதில் விழுகிற 3 சத்தம், 2 வாசனை, 1 சுவை. மனம் அமைதியாக இருக்கும்போதே திரும்பத் திரும்பச் செய்து பழகியதால்தான் நெருக்கடியில் அது கைகொடுத்தது.

அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992இல் விளக்கிய மூன்று கட்டங்களைப் பல மையங்கள் பின்பற்றுகின்றன. முதலில் பாதுகாப்பு. அப்புறம் நடந்ததை நினைத்துப் பார்த்து, இழந்ததற்காக அழுவது. பிறகு மனிதர்களோடு மறுபடி சேர்வது. எனக்கு இந்த வரிசை பொருந்தியது.

என் பெரிய பிரச்சினை இரவு. ஊழியர்கள் ராத்திரியில் அறை அறையாக வந்து பார்ப்பார்கள். உயிருக்கு ஆபத்து வந்துவிடக் கூடாது என்பதற்காகச் செய்வது அது, தவிர்க்க முடியாது. ஆனால் இருட்டில் கதவைத் திறந்துகொண்டு ஒருவர் உள்ளே வருவதே போதும், எனக்கு எல்லாம் திரும்ப வந்துவிடும். சேர்ந்த அன்றே ஒரு நர்ஸ் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொண்டார். கதவைத் தட்டிவிட்டு வரட்டுமா, பெயர் சொல்லிக் கூப்பிடட்டுமா, எந்த விளக்கு எரியட்டும், கட்டில் எப்படி இருந்தால் தூக்கம் வரும்? கதவு தெரிகிற மாதிரி கட்டிலைத் திருப்பிப் போட்டார்கள். அதற்குப் பிறகு வந்த இரவு நர்ஸ்கள் எல்லாரும் அந்தக் குறிப்பைப் படித்துவிட்டுத்தான் வந்தார்கள். எந்தத் தெரபி தருகிறார்கள் என்பதைவிட இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்வேன்.

குரூப் தெரபியில் ஒரு விதி இருந்தது. சம்பவத்தின் விவரங்களைச் சொல்லக் கூடாது, இப்போது அது நம்மை என்ன செய்கிறது என்பதை மட்டும் பேசலாம். ஒருவர் விவரித்தால் பக்கத்தில் இருப்பவருக்கு அவருடைய நினைவு கிளம்பிவிடும். விவரமெல்லாம் தெரபிஸ்டோடு தனியாகத்தான். எட்னா ஃபோவா என்ற உளவியலாளர் உருவாக்கிய நீடித்த வெளிப்பாட்டுச் சிகிச்சை எனக்கு. ஒவ்வொரு அமர்வும் 90 நிமிடம். கண்ணை மூடிக்கொண்டு நடந்ததை நிகழ்காலத்தில் நடப்பதாகச் சொல்ல வேண்டும். அதைப் பதிவு செய்து தினமும் கேட்க வேண்டும். தொடக்கத்தில் கெட்ட கனவுகள் கூடின. வீட்டில் தனியாக இருந்திருந்தால் பாதியில் விட்டிருப்பேன். கேட்டு முடித்ததும் எழுந்து போய்ப் பேச ஒரு ஆள் எந்த நேரமும் இருந்ததால்தான் தொடர முடிந்தது.

ஒருவரின் அண்ணன்:

நீங்கள் எழுதிய அந்த இரவுக் குறிப்பைப் படித்ததும் என் தங்கைக்கு முதலில் கிடைத்த இடம் நினைவுக்கு வந்து கோபமாக வந்தது. பதற்றத்தில் அலறியவளைப் பிடித்து அழுத்திக் கட்டிலோடு கட்டினார்கள். அவளுக்கு ஏற்கெனவே நடந்த கொடுமையிலும் ஒருவர் அவளை அசையவிடாமல் பிடித்திருந்தார். சிகிச்சை என்ற பெயரில் அதையே மறுபடி செய்தால் எப்படி ஆறும்? அங்கிருந்து வெளியே வந்து வேறு மையம் தேடியபோது நாங்கள் முதலில் கேட்டதே, நோயாளி கட்டுப்பாட்டை இழந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்பதைத்தான். நேராகப் பதில் சொன்ன இடத்தில் சேர்த்தோம்.

அங்கே அவளுக்குச் சிக்கலான பி.டி.எஸ்.டி. என்றார்கள். பி.டி.எஸ்.டி. என்பது மன அதிர்ச்சிக்குப் பிறகு நீடிக்கும் மனநலப் பாதிப்பு. 2022இல் நடைமுறைக்கு வந்த, உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐ.சி.டி. 11 சிக்கலான வகையைத் தனி நோயாக வகைப்படுத்தியிருக்கிறது. பயமும் கனவும் மட்டுமில்லை. தன்னைத் தானே வெறுப்பது, உணர்ச்சியை அடக்க முடியாமல் போவது, யாரையும் நெருங்க விடாதது எல்லாம் சேர்ந்தே வரும். எங்களிடம் அவள் எரிந்து விழுந்ததற்குக் காரணம் அன்றுதான் புரிந்தது.

டிஸ்சார்ஜுக்கு முன்னால் வார இறுதியில் சோதனையாக வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்கும் முன்னால் எங்களை வைத்து ஒரு குடும்ப அமர்வு. பின்னாலிருந்து தொடாதீர்கள், எழுப்புவதானால் தள்ளி நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், என்ன நடந்தது என்று அவளாகச் சொல்லாமல் கேட்காதீர்கள். அம்மாவுக்குக் கடைசியாகச் சொன்னதுதான் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் கேட்கவே இல்லை.

இரவுப் பணியில் இருக்கும் நர்ஸ்:

இருவரும் எழுதியதோடு சில விஷயம் சேர்க்கிறேன். நடந்ததைப் பேசத் தொடங்கும் முன் எல்லாருக்கும் நீண்ட தயாரிப்பு வேண்டும் என்பதில் மருத்துவர்களிடையே ஒரே கருத்து இல்லை. நெதர்லாந்தில் இரண்டு வாரத்துக்குள் 8 நாள் தீவிரச் சிகிச்சை தரும் மையம் இருக்கிறது. வெளிப்பாட்டுச் சிகிச்சை, ஈ.எம்.டி.ஆர். (பழைய நினைவை மனதில் வைத்துக்கொண்டே கண்ணை இடமும் வலமும் அசைக்கும் சிகிச்சை), உடற்பயிற்சி மூன்றையும் சேர்த்தே தருகிறார்கள். அதனால் எந்த வரிசையில், ஏன் செய்கிறீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள்.

பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் தரும் பென்சோடையாசெபைன் வகை மாத்திரைகளைப் பி.டி.எஸ்.டி.க்கு முக்கியமான வழிகாட்டுதல்கள் பரிந்துரைப்பதில்லை. ஏற்கெனவே எடுப்பவர்கள் தாமாகத் திடீரென்று நிறுத்தவும் கூடாது, அது ஆபத்து. டாக்டரோடு பேசிப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

அப்புறம் டிஸ்சார்ஜ். மனநல மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய முதல் சில வாரங்கள்தான் தற்கொலை ஆபத்து மிகவும் கூடுதலான காலம். உள்ளே நேரத்துக்கு எல்லாம் நடக்கும், பேச ஆள் இருக்கும். வெளியே வந்ததும் அது மொத்தமும் நின்றுவிடுகிறது. எங்கள் வார்டில் அடுத்த சந்திப்பின் தேதியைப் போடாமல் யாரையும் அனுப்புவதில்லை. நெருக்கடி வருவதற்கு முன் தனக்கு என்னென்ன அறிகுறி தெரியும், அப்போது யாரைக் கூப்பிட வேண்டும் என்று நோயாளியே தன் கையால் எழுதுவார். ஒரு பிரதி அவரிடம், இன்னொன்று வீட்டாரிடம், மூன்றாவது எங்கள் கோப்பில். ராத்திரி இரண்டு மணிக்கு ஃபோன் வந்தால் நான் முதலில் எடுத்துப் பார்ப்பது அதைத்தான்.