கரந்தை வீட்டுக் குழு: ஆடிப்பெருக்குக்கு முதல் நாள்

சனிக்கிழமை, ஆடி 17

[மாலை 4:42] பெரியப்பா: நாளைக்கு வண்டி வராது போலிருக்கு. செல்ஃப் நல்லா சுத்துது, ஆனா எடுக்கவே மாட்டேங்குது. காலைலேர்ந்து மூணு தடவை பாத்துட்டேன்.

[4:43] மன்னார்குடி அத்தை: என்னண்ணே சொல்றீங்க. அப்பா காலத்துலேர்ந்து ஆடிப் பதினெட்டுக்கு அந்த வண்டி திருவையாறு போகாம இருந்ததே இல்லையே

[4:43] மன்னார்குடி அத்தை: இந்த வருசம் ஜூன் 12க்கே மேட்டூர் தெறந்து ஆத்துல தண்ணி எப்படி ஓடுது!

[4:46] சிங்கப்பூர் அண்ணன்: அப்பா, பெட்ரோலாத்தான் இருக்கும். இப்ப எல்லா பங்க்லயும் 20 சதவீதம் எத்தனால் கலந்தது. நம்ம 1958 இங்கிலீஷ் எம்ஜிஏ காருக்கு அது ஆகாது. டாங்க்கைக் காலி பண்ணுங்க, கார்புரேட்டர் ரெண்டையும் கழட்டிக் கழுவுங்க.

[4:48] பெரியப்பா: எனக்கும் அதான் தோணுது. முதல்ல தள்ளிப் பாக்கலாம்னு எதுத்த வீட்டுப் பசங்களைக் கூப்பிட்டிருக்கேன்.

[4:49] மன்னார்குடி மாமா: மச்சான் தள்ள வேணாம். கார்புரேட்டர்லயும் கை வைக்காதீங்க. அஞ்சு நிமிசம் பொறுங்க, சவாரி இறக்கி விட்டுட்டு வர்றேன்.

[5:01] மன்னார்குடி மாமா: வந்துட்டேன். செல்ஃப் போடும்போது இன்ஜின் இழுத்து இழுத்து சுத்துதா, சுறுசுறுப்பா சுத்துதா?

[5:02] பெரியப்பா: சுறுசுறுப்பாத்தான் மாப்ள. சீட்டுக்குப் பின்னாடி இருக்கற ரெண்டு ஆறு வோல்ட் பேட்டரியும் பொங்கலுக்குப் புதுசா போட்டது.

[5:05] மன்னார்குடி மாமா: அப்ப பேட்டரி, செல்ஃப் மோட்டார் பத்தின கவலை விட்டுச்சு. தள்ளினா இன்ஜின் சுத்தும், அவ்வளவுதான். அது இப்பவே சுத்திக்கிட்டுதானே இருக்கு? இன்ஜின் சுத்தியும் எடுக்கலைன்னா பெட்ரோல் போகல, இல்லைன்னா பொறி போகல. ரெண்டும் போய் எடுக்கலைன்னா பொறி நேரந்தப்பி விழுது. வரிசையா பாத்தா அரை மணி நேரத்துல எதுன்னு தெரிஞ்சுடும்.

[5:06] மன்னார்குடி மாமா: கார்புரேட்டர் ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சரியா மூச்சு இழுக்கற மாதிரி உங்க அப்பா உக்காந்து செட் பண்ணது. ஒரு தடவை கழட்டிட்டா திரும்ப அப்படிக் கொண்டு வர அரை நாள் ஆகும். நாளைக்குக் கெளம்பணும்னா அதைத் தொடாம இருக்கறதுதான் நல்லது.

[5:07] நான்: மாமா நான் இங்கதான் இருக்கேன். பெரியப்பாவுக்கு முட்டி வலி, குனிய முடியாது. என்ன பாக்கணும்னு சொல்லுங்க, நான் பாக்கறேன்.

[5:09] மன்னார்குடி மாமா: நல்லது பாப்பா. அந்த வண்டில சாவி போட்டா செல்ஃப் அடிக்காது, அதுக்குத் தனியா ஒரு குமிழை இழுக்கணும். நீ குமிழைத் தொடாம சாவியை மட்டும் திருப்பு. சீட்டுக்குப் பின்னாடி வலது பக்கம் காதை வை. என்ன சத்தம் வருதுன்னு சொல்லு.

[5:13] நான்: டிக் டிக் டிக்குன்னு எட்டு ஒன்பது தடவை. அப்புறம் நிதானமாயி நின்னுடுச்சு

[5:16] மன்னார்குடி மாமா: அதான் எஸ்யூ பெட்ரோல் பம்ப். கார்புரேட்டர் கிண்ணம் நெறைஞ்சதும் தானா நிக்கும். நிக்காம அடிச்சுக்கிட்டே இருந்தா டாங்க்ல பெட்ரோல் இல்ல, இல்லாட்டி எங்கேயோ காத்து இழுக்குது. சத்தமே வரலைன்னா பம்ப்புக்குக் கரண்ட் வரல, இல்லாட்டி அதுக்குள்ள இருக்கற பாயிண்ட் ஒட்டிக்கிச்சு. இங்க அடிச்சு நின்னிருக்கு, கிண்ணம் நெறைஞ்சிருக்கு. சாவியை உடனே ஆஃப் பண்ணிடு. போட்டபடியே விட்டா பொறி உண்டாக்கற காயில் சூடாயிடும்.

[5:17] சிங்கப்பூர் அண்ணன்: கிண்ணம் நெறைஞ்சா போதுமா மாமா? உள்ள இருக்கறது தண்ணி கலந்த பெட்ரோலா இருந்தா? எத்தனால் ஈரத்தை இழுக்கும்னு படிச்சேன்.

[5:20] மன்னார்குடி மாமா: நீ கேக்கறது நியாயம் தம்பி. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் ஹோஸையும் கெடுக்கும். அதைப் பிளக்கே சொல்லிடும். பாப்பா, ஒரு பத்து செகண்ட் செல்ஃப் அடிக்கச் சொல்லிட்டு ரேடியேட்டர் பக்கத்துலேர்ந்து முதல் பிளக்கைக் கழட்டு. வயர் எதுல இருந்துச்சுன்னு சாக்பீஸால குறிச்சு வச்சுக்கோ.

[5:21] பெரியம்மா: வாசல்ல கோலம் போட வச்ச சாக்பீஸ் எடுத்துட்டா. இருக்கட்டும் இருக்கட்டும்

[5:34] நான்: (படம்) நனைஞ்சிருக்கு மாமா. பெட்ரோல் வாடை தூக்குது. பழைய வார்னிஷ் வாடை எதுவும் இல்ல. கண்ணாடி டம்ளர்ல கொஞ்சம் பெட்ரோல் புடிச்சுப் பாத்தேன், அடியில தண்ணி தங்கல.

[5:36] மன்னார்குடி மாமா: டம்ளர்ல பாத்தியா! நான் சொல்லாமலே பாத்துட்டியே. அப்ப பெட்ரோலை விட்டுடலாம். இனிமே பொறியைத்தான் தேடணும். அந்த டம்ளரைக் கொல்லைக்குக் கொண்டு போயிடு. பெட்ரோல் ஆவி இருக்கற எடத்துல பொறி பாக்கக் கூடாது. பிளக்கைத் துடைச்சுத் திரும்பப் போட்டுடு, ஓட்டையைத் தெறந்து வைக்காதே.

[5:38] மன்னார்குடி அத்தை: அண்ணி, சித்ரான்னம் நான் பண்ணிடறேன். எலுமிச்சை, தேங்கா, புளியோதரை மூணும். நீங்க காப்பரிசியும் சர்க்கரைப் பொங்கலும் பாத்துக்கங்க. காதோலை கருகமணி வாங்கியாச்சா?

[5:39] பெரியம்மா: வாங்கியாச்சு. மஞ்சக் கயிறுதான் பத்தாது

[5:41] பெரியப்பா: மாப்ள, இந்த இன்ஜினுக்கு உதிரி சாமான் கெடைக்குமா? இங்கிலாந்துலேர்ந்து வரவழைக்கணும்னா பண்டிகை முடிஞ்சு போயிடும்.

[5:46] மன்னார்குடி மாமா: மச்சான், உங்க எம்ஜிஏல இருக்கறது 1489 சிசி பி சீரிஸ் இன்ஜின். 1959லேர்ந்து அம்பாசிடர்ல வந்ததும் அதே குடும்பத்து 1489 சிசி. உங்களுக்கு ரெட்டைக் கார்புரேட்டர், எங்களுக்கு ஒத்தை. நான் 1984லேர்ந்து அதைத்தான் கழட்டி மாட்டிக்கிட்டு இருக்கேன். பயப்படாதீங்க.

[5:49] மன்னார்குடி மாமா: பாப்பா, பொறியைப் பிளக்குகளுக்குப் பிரிச்சு விடற டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைப் புடிச்சிருக்கற ரெண்டு கிளிப்பைத் தட்டு. மூடியை வயரோட அப்படியே ஓரமாத் தள்ளு. யாரையாவது இன்ஜினைக் கையால மெதுவா சுத்தச் சொல்லு. உள்ள கரண்ட்டை விட்டு விட்டு வெட்டற பாயிண்ட் தெறந்து மூடுதா பாரு. முழுசாத் தெறக்கும்போது இடைவெளி 15 தௌ, அதாவது அங்குலத்துல ஆயிரத்துல 15 பங்கு, இருக்கணும். அதை அளக்கற ஃபீலர் கேஜ் அந்த நீல டப்பால இருக்கும், உங்க தாத்தாவோடது.

[6:02] நான்: தெறந்து மூடுது. 15 கேஜ் லேசா உரசிக்கிட்டு போகுது. பாயிண்ட் முனை சுத்தமா இருக்கு, கருகல.

[6:05] மன்னார்குடி மாமா: முனை கருகலைன்னா கண்டென்சரும் அநேகமா நல்லாத்தான் இருக்கும். இப்ப காயில்லேர்ந்து மூடிக்கு நடுவுல வர்ற தடி வயரை உருவு. கால்ல செருப்பு இருக்கணும். காஞ்ச துணி சுத்தி, அதுக்கு மேல ரப்பர் புடி போட்ட கட்டிங் பிளையரால புடி. ஆயிரக்கணக்கான வோல்ட், உதறிடும். முனையை இன்ஜின் இரும்புலேர்ந்து ஒரு கால் அங்குலம் தள்ளி வை. பாயிண்ட் மூடியிருக்கும்போது சாவியைப் போட்டு, பாயிண்ட்டை ஒரு மரக் குச்சியால தட்டித் தெற.

[6:06] பெரியம்மா: பொம்பளப் புள்ளைய கரண்ட்டுல கை வைக்கச் சொல்றீங்களா தம்பி

[6:07] நான்: பெரியம்மா நான் பாலிடெக்னிக்ல இதைத்தான் படிக்கறேன். செருப்பு போட்டாச்சு.

[6:15] நான்: வந்துச்சு மாமா!! நீலக் கலர். பட்டுன்னு சத்தத்தோட. ஒவ்வொரு தடவை தட்டும்போதும் வருது.

[6:17] மன்னார்குடி மாமா: அப்ப காயில், கண்டென்சர், பாயிண்ட் எல்லாம் சுத்தம். ஆனா பிளக்குக்குப் பொறி போகல. நடுவுல மிச்சம் மூடியும், அதுக்குள்ள தண்டு மேல சுத்தற ரோட்டரும்தான். மூடிக்கு உள்பக்கம் நடுவுல கரித் துண்டு இருக்கா? அமுக்கினா ஸ்பிரிங் மாதிரி வருதா? மயிரிழை மாதிரி கறுப்புக் கோடு எங்கேயாவது ஓடுதா?

[6:22] நான்: கரித் துண்டு இருக்கு, வருது. டார்ச் அடிச்சுப் பாத்தேன், கோடு எதுவும் இல்ல.

[6:26] மன்னார்குடி மாமா: கடைசி சோதனை. ரோட்டர் தண்டு மேலேயே இருக்கட்டும். அதே தடி வயர் முனையை ரோட்டரோட பித்தளைத் தகடுக்கு மேல, ரெண்டு மூணு மில்லிமீட்டர் தள்ளிப் புடி. முன்ன மாதிரியே பாயிண்ட்டைத் தட்டு. ரோட்டர் நல்லா இருந்தா பொறி விழக் கூடாது, ஏன்னா அங்கேர்ந்து போக வழி இல்ல. விழுந்துச்சுன்னா பிளாஸ்டிக்கைத் துளைச்சுக்கிட்டு கீழ இருக்கற தண்டுல எறங்குதுன்னு அர்த்தம்.

[6:33] நான்: (வீடியோ) விழுது மாமா. ஒவ்வொரு தடவையும் விழுது.

[6:34] மன்னார்குடி மாமா: புடிச்சாச்சு. ரோட்டர் போச்சு.

[6:35] சிங்கப்பூர் அண்ணன்: பாத்தா புதுசு மாதிரி பளபளன்னு இருக்கே?

[6:38] பெரியப்பா: புதுசுதான். சித்திரைல ஆன்லைன்ல வரவழைச்சேன். பழசு ரொம்ப வருசம் ஓடிடுச்சேன்னு மாத்திப் போட்டேன். அதுக்கப்புறம் வண்டி மூணு தடவைதான் வெளிய போயிருக்கு. பழைய சாமானைத்தான் ஒவ்வொண்ணா சந்தேகப்பட்டேன், இதை நெனைக்கவே இல்ல.

[6:39] பெரியப்பா: பழசைப் பேரீச்சம்பழக்காரன்கிட்ட போட்டுட்டேன் மாப்ள. மனசு வேதனையா இருக்கு.

[6:43] மன்னார்குடி மாமா: வேதனைப்படாதீங்க மச்சான். (படம்) பாப்பா அனுப்புன படத்தைப் பெருசாக்கிப் பாருங்க. பித்தளைத் தகடை ஒரு ரிவிட் அடிச்சு நிறுத்தியிருக்காங்க. ரிவிட்டோட அடி, தண்டுக்கு ரொம்பப் பக்கம். நடுவுல இருக்கற பிளாஸ்டிக் மெல்லிசு. பிளக் பக்கம் போற கஷ்டத்தை விட கீழ எறங்கறது சுலபம்னு கரண்ட் அந்த வழியைப் புடிச்சுக்கும். ஒரு தடவை துளைச்சுட்டா அப்புறம் அதுவேதான் வழி. கண்ணுக்கு ஒண்ணுமே தெரியாது.

[6:45] மன்னார்குடி மாமா: 1990ல உங்க அப்பாவுக்கு இதே வண்டில அம்பாசிடர் ரோட்டர் ஒண்ணு போட்டுக் கொடுத்தேன், சரியா உக்காந்துச்சு. லூகாஸ் டிவிஎஸ் கம்பெனி சாமான், சென்னை பாடில பண்ணது. எங்கிட்ட பெட்டில ரெண்டு இருக்கு. காலைல முதல் பஸ்ஸுக்கு நாங்க ரெண்டு பேரும் கெளம்பிடறோம், வடுவூர் வழியா ஒரு மணி நேரத்துல வந்துடுவோம்.

[6:46] மன்னார்குடி அத்தை: அப்ப நான் ராத்திரியே புளிக்காய்ச்சல் காய்ச்சி வச்சுடறேன்

[9:10] சிங்கப்பூர் அண்ணன்: எந்த இணையதளத்துல வாங்கினதுன்னு பாத்து இன்னொண்ணு வாங்காம இருங்க அப்பா. நான் வரும்போது ரிவிட் இல்லாதது கொண்டு வர்றேன்.

ஞாயிற்றுக்கிழமை, ஆடி 18

[காலை 6:58] நான்: மாமாவும் அத்தையும் வந்தாச்சு. மாமா காப்பி கூட குடிக்கல, நேரா வண்டிகிட்ட போயிட்டாங்க.

[7:09] நான்: மாமா ரெண்டு ரோட்டரையும் பக்கத்துல வச்சுக் காட்டுனாங்க. உயரம், தண்டுல உக்கார்ற பள்ளம், எல்லாம் ஒண்ணா இருந்துச்சு. போடறதுக்கு முன்னாடி அதையும் அதே மாதிரி தடி வயர் வச்சு சோதிச்சாங்க. பொறி விழல.

[7:16] நான்: (குரல் பதிவு, 21 வினாடி)

[7:17] சிங்கப்பூர் அண்ணன்: எடுத்துடுச்சா!!

[7:17] சிங்கப்பூர் அண்ணன்: இந்தச் சத்தம் கேட்டு எவ்வளவு நாளாச்சு

[7:19] பெரியப்பா: ரெண்டாவது சுத்துலயே எடுத்துடுச்சு. அப்பா பக்கத்துல நிக்கற மாதிரி இருந்துச்சு. மாப்ள, நீங்க இல்லைன்னா நான் டாங்க்கையும் கார்புரேட்டரையும் பிரிச்சுப் போட்டுட்டு உக்காந்திருப்பேன்.

[7:24] மன்னார்குடி மாமா: வேலை முழுக்க பாப்பா செஞ்சது மச்சான். ரப்பர் ஹோஸ் மட்டும் பண்டிகை முடிஞ்சு மாத்திடணும், தொட்டா கொழகொழன்னு இருக்கு. தம்பி எத்தனாலைப் பத்திச் சொன்னது அந்த விசயத்துல உண்மை. எத்தனால் தாங்கற ஹோஸ் தஞ்சாவூர்லயே கெடைக்கும்.

[7:30] பெரியம்மா: வண்டில ரெண்டு பேருக்குத்தான் எடம். எப்பவும் நான் உக்கார்ற எடத்துல இன்னிக்கு மன்னார்குடி தம்பி உக்காரட்டும். நாங்க பஸ்ல வர்றோம். சப்பரம் பஸ்ல ஏத்த விடுவாங்களா?

[7:31] மன்னார்குடி அத்தை: சின்னச் சப்பரம்தானே அண்ணி, மடியில வச்சுக்கலாம்

[8:12] நான்: (வீடியோ) பஸ்லேர்ந்து எடுத்தது. வெண்ணாத்துப் பாலத்துல பெரியப்பா எங்களைத் தாண்டிப் போறாங்க. மாமா கை காட்டறாங்க பாருங்க.

[8:14] சிங்கப்பூர் அண்ணன்: பாப்பா, குடமுருட்டிப் பாலத்துலயும் எடு. ஆத்துத் தண்ணியும் சேந்து தெரியற மாதிரி.

[8:31] மன்னார்குடி மாமா: புஷ்ய மண்டபப் படித்துறை வந்து சேந்துட்டோம். தண்ணி மேல் படி வரைக்கும் இருக்கு. வண்டியை நிழல்ல போட்டாச்சு, நிறுத்திட்டு மறுபடி ஒரு தடவை எடுத்தும் பாத்துட்டேன். நீங்க நிதானமா வாங்க.

[8:33] மன்னார்குடி அத்தை: எலுமிச்சை சாதத் தூக்கு உங்ககிட்டதானே இருக்கு? இங்க காணோம்