புதுப்பிப்பு: கோல்ட் ரீஃப் சிட்டி போய் வந்தாச்சு

டர்பனிலிருந்து குடும்பத்தோடு ஜோகன்னஸ்பர்க் போகிறோம், அங்குள்ள கோல்ட் ரீஃப் சிட்டி கேளிக்கைப் பூங்காவில் எதில் முதலில் ஏறலாம் என்று இங்கே கேட்டிருந்தேன். பலரும் அனகோண்டா ரோலர் கோஸ்டர் என்றீர்கள். ஏறினோம். தண்டவாளம் தலைக்கு மேலே, கால் அந்தரத்தில். நல்ல வேகம்தான், ஆனால் அடுத்தடுத்துப் புரட்டுவதில் ரசிக்க நேரமே இல்லை.

என் ஓட்டு கோல்டன் லூப்புக்கு. 1977இல் அமெரிக்காவின் கேரோவிண்ட்ஸ் பூங்காவில் ஓடத் தொடங்கி, பிறகு இங்கே வந்த கிழட்டு வண்டி. ஒரே ஒரு வட்டம். முன்னால் சுற்றி, மேட்டில் ஏறி, அதே வட்டத்தைப் பின்னோக்கிச் சுற்றும். எதிரே என்ன வருகிறதென்று தெரியாத அந்தப் பின்னோட்டம் இருக்கிறதே, அதற்காகவே மறுபடி வரிசையில் நிற்கலாம்.

ஆயா எதிலும் ஏறவில்லை. சுரங்கத்துக்கு மட்டும் முதல் ஆளாக வந்தார். பழைய கிரவுன் மைன்ஸ் தங்கச் சுரங்கத்தின் 14ஆம் குழி இருந்த இடத்தில்தான் பூங்காவே நிற்கிறது. உருக்கிய தங்கத்தை அச்சில் ஊற்றிக் காட்டினார்கள். “இதுல எத்தனை தாலி செய்யலாம்?” என்று கேட்டு வைத்தார்!

அப்புறம், கேப் டவுனில் இருந்த ரட்டாங்கா ஜங்ஷன் கேளிக்கைப் பூங்கா பற்றிக் கேட்டவருக்கு: அது 2018இலேயே மூடியாச்சு.