முழுசாக மிதித்து எடுத்தால் ஆர்பிஎம் இறங்க மாட்டேன் என்கிறது: எஸ்2000 ஆக்ஸிலரேட்டர் சிக்கல்

ஒன்பதாயிரம்:
வண்டி 2002 ஹோண்டா எஸ்2000. எஃப்20சி எஞ்சின், 9000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 9000 சுற்று) வரை போகிற அந்த 2 லிட்டர்தான். த்ராட்டில் (எஞ்சினுக்குப் போகும் காற்றைத் திறந்து மூடுவது) பெடலோடு கேபிளில் இணைந்தது, எலெக்ட்ரானிக் கிடையாது. இரண்டு வாரமாக ஒரு தொல்லை. சாதாரணமாக ஓட்டினால் ஒன்றுமே தெரியாது. வீடெக் (அதிகச் சுற்றில் வால்வுத் திறப்பை மாற்றும் அமைப்பு) மாறுகிற இடத்தைத் தாண்டி 8000, 8500 வரை இழுத்துவிட்டு, கியர் மாற்றக் காலை எடுத்துக் கிளட்சை மிதித்தால் ஆர்பிஎம் முழுசாக இறங்குவதில்லை. 4000 பக்கம் வந்து அப்படியே நிற்கிறது. இரண்டு மூன்று நொடி கழித்து டக்கென்று விழுகிறது. நேற்று அதுவும் விழவில்லை, பயந்துபோய் வண்டியை ஓரம் கட்டினேன்.

பெடலில் மாட்டுகிறதோ என்று தரை மேட்டை ஏற்கெனவே எடுத்துவிட்டேன். த்ராட்டில் பாடிக்குள் கறுப்பாகப் பிசின் மாதிரி இருந்தது, ஸ்ப்ரே அடித்துத் துடைத்தேன், மாற்றம் இல்லை. எஞ்சினை நிறுத்திவிட்டுக் கையால் பெடலை அழுத்திப் பார்த்தால் நன்றாகத்தான் போய் வருகிறது. சூடானால் உள்ளே ஏதாவது விரிந்து பிடிக்கிறதா? ஐடில் வால்வா (பெடலைத் தொடாதபோது எஞ்சின் ஓடக் காற்று விடுவது)? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

டர்போ தம்பி:
ப்ரோ, என் பழைய வண்டியிலும் இதே கதை. த்ராட்டிலுக்குள் காற்றை மறைக்கிற தட்டு, அந்தப் பட்டர்ஃபிளை, முழுசாக மூடாமல் இருக்கும். த்ராட்டில் பாடி பக்கத்தில் சின்ன ஸ்டாப் ஸ்க்ரூ இருக்கும், கால் சுற்று வெளியே திருப்புங்கள், முடிந்தது.

கிரீஸ்கை:
தயவு செய்து அந்த ஸ்க்ரூவைத் தொடாதீர்கள். அது கம்பெனியிலேயே வைத்து அனுப்பியது, ஐடிலைக் குறைக்க வைத்ததல்ல. மூடும்போது பட்டர்ஃபிளை துளையின் சுவரில் போய் ஆப்பு மாதிரி மாட்டிக்கொள்ளாமல் ஒரு மயிரிழை முன்னால் நிறுத்துவதுதான் அதன் வேலை. வெளியே திருப்பினால் இப்போது இல்லாத ஒட்டலும் வந்து சேரும். போதாததற்கு த்ராட்டில் சென்சாரின் மூடிய நிலை வோல்டேஜும் மாறிப்போய் ஐடில் ஆடும்.

ஒன்பதாயிரம் அவர்களே, ஒரே ஒரு கேள்வி. ஆர்பிஎம் நிற்கும்போது பெடல் எங்கே இருக்கிறது? மேலே வந்துவிட்டதா, இல்லை அதுவும் கீழேயே நிற்கிறதா? இரண்டும் வேறு வேறு நோய். பெடல் மேலே வந்தும் ஆர்பிஎம் தொங்கினால் ஐடில் வால்வு, காற்றுக் கசிவு என்று தேடவேண்டும். பெடலும் சேர்ந்து நின்றால் அதெல்லாம் வேண்டாம், பெடல், கேபிள், பட்டர்ஃபிளை இந்த மூன்றில்தான் ஆள் இருக்கிறான்.

ஒன்பதாயிரம்:
அண்ணா, நீங்கள் கேட்டபிறகுதான் யோசித்துப் பார்த்தேன். நேற்று ஷூ நுனியைப் பெடலுக்கு அடியில் விட்டு மேலே தூக்கியதும்தான் விழுந்தது. அப்படியென்றால் பெடலும் நிற்கிறது.

பழைய சிலிண்டர்:
அந்தக் கறுப்புப் பிசின் பற்றி ஒரு வார்த்தை. அதிகம் சுற்றுகிற எஞ்சினில் அது சீக்கிரம் சேரும். மெதுவாக ஓட்டும்போது மேனிஃபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் குழாய்) வேக்குவம் இருப்பதால் கிராங்க்கேஸ் (எஞ்சினின் அடிப்பகுதி) ஆவியைப் பிசிவி என்கிற வால்வு ஒழுங்காக உறிஞ்சிவிடும். முழுசாக மிதித்து 8000-ல் ஓடும்போது வேக்குவம் கிட்டத்தட்ட இல்லை, பிஸ்டனைத் தாண்டி இறங்கும் காற்றோ அப்போதுதான் அதிகம். அந்த ஆயில் ஆவி பிரீதர் ஹோஸ் வழியே பின்பக்கமாக வந்து, பட்டர்ஃபிளைக்கு முன்னால் இருக்கும் குழாயில் சேர்ந்து, சூட்டில் காய்ந்து கோந்தாகிறது. ஆனால் இந்தக் கோந்து பண்ணுகிற சேட்டை வேறு: மூடிய இடத்திலிருந்து முதலில் திறக்கும்போது ஒட்டும், பெடல் அசையாமல் இருந்து திடீரென்று குதிக்கும். உங்களுக்குத் திரும்பி வரும்போதுதான் பிரச்சினை. அதனால்தான் துடைத்தும் பயன் இல்லை.

கிரீஸ்கை:
சிலிண்டர் சொன்னது சரி. இனி சோதனைக்கு வருவோம், அதற்கு முன்னால் ஒரு எச்சரிக்கை. இது தீரும் வரை அந்த வண்டியை இழுத்து ஓட்டாதீர்கள். வேறு வழியில்லாமல் ஓட்டும்போது மாட்டிக்கொண்டால் கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குத் தள்ளுங்கள். எஞ்சின் அலறும், அலறட்டும், லிமிட்டர் எரிபொருளை வெட்டிக் காப்பாற்றும். (இந்த எஞ்சின்களைக் கொல்வது அந்த அலறல் அல்ல, மூன்றாவதுக்குப் பதில் தவறி முதல் கியரில் தள்ளுவதுதான், அங்கே லிமிட்டரால் ஒன்றும் செய்ய முடியாது.) பிரேக்கை ஒரே அழுத்தாக அழுத்துங்கள், விட்டு விட்டு மிதிக்காதீர்கள். த்ராட்டில் திறந்திருக்கும்போது பிரேக்குக்கு பலம் கொடுக்கிற பூஸ்டருக்குப் புது வேக்குவம் சரியாகக் கிடைக்காது, இருப்பது இரண்டு மூன்று மிதியில் தீர்ந்துவிடும். சாவியைத் திருப்பி அணைத்தாலும் லாக் வரை போகாதீர்கள், ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும்.

இப்போது விஷயம். நீங்கள் “8000-க்கு மேல்தான் வருகிறது” என்கிறீர்கள். எனக்கு ஒரு சந்தேகம். 8000-க்குப் போகும்போது பெடலைத் தரை வரை மிதிக்கிறீர்கள், ஊருக்குள் ஓட்டும்போது பாதிக்கு மேல் போவதே இல்லை. அப்படியென்றால் காரணம் ஆர்பிஎம்மா, பெடல் ஆழமா? கையால் அழுத்திப் பார்த்தேன் என்றீர்களே, கை அவ்வளவு தூரம் போயிருக்காது. எஞ்சினை நிறுத்திவிட்டு, சீட்டில் உட்கார்ந்து காலால் தரை வரை மிதித்து மெதுவாக விடுங்கள், இருபது தடவை. அதில் ஒட்டினால் சூடும் இல்லை, வேக்குவமும் இல்லை. ஒட்டவில்லை என்றால் எஞ்சினைத் தாங்கும் மவுன்ட்டைப் பார்க்கவேண்டும், மவுன்ட் தளர்ந்திருந்தால் லோடில் எஞ்சின் சாய்ந்து கேபிளை இழுக்கும்.

அடுத்தது, த்ராட்டில் பாடியில் கேபிள் சுற்றியிருக்கும் அந்த அரைவட்டத்திலிருந்து கேபிளைக் கழற்றிவிட்டு, அரைவட்டத்தை விரலால் முழுசாகத் திறந்து விடுங்கள். சத்தத்தோடு அடித்து மூடினால் பட்டர்ஃபிளையும் ஸ்பிரிங்கும் நிரபராதி. மூன்றாவதாகக் கேபிளை மட்டும் கையில் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள்.

டர்போ தம்பி:
கேபிளுக்குள் கொஞ்சம் ஆயில் விட்டால்?

கிரீஸ்கை:
உள்ளே பிளாஸ்டிக் லைனர் இருக்கும் தம்பி. ஆயில் விட்டால் நாலு நாள் நன்றாக இருக்கும், அப்புறம் தூசியைப் பிடித்துக் களிமண் ஆகும்.

ஒன்பதாயிரம்:
இன்று காலை எஞ்சின் பச்சைத் தண்ணியாக இருக்கும்போதே செய்தேன். இருபதில் ஆறு தடவை ஒட்டியது! சூடு, வீடெக் என்று நான் யோசித்ததெல்லாம் வீண். கேபிளைக் கழற்றியதும் பட்டர்ஃபிளை படாரென்று மூடுகிறது. கேபிளை இழுத்தால் பாதி வரை சுகம், கடைசி ஒன்றிரண்டு சென்டிமீட்டரில் நெருடுகிறது. டார்ச் அடித்துப் பார்த்தால் த்ராட்டில் பக்க முனையில், உறைக்குள் நுழைகிற இடத்துக்குக் கொஞ்சம் வெளியே, இரண்டு இழை அறுந்து முள் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிறது.

கிரீஸ்கை:
பிடித்துவிட்டீர்கள். மிதித்தால் அந்த முனையில் கம்பி உறைக்குள் போகும். பாதி மிதிக்கு அறுந்த இடம் வெளியிலேயே நிற்கிறது, அதனால் தெரிவதில்லை. தரை வரை மிதித்தால் முள்ளும் சேர்ந்து உள்ளே போகிறது, திரும்பும்போது தூண்டில் கொக்கி மாதிரி உறையின் விளிம்பில் மாட்டுகிறது. அப்படி முழுசாக மூடாமல் நிற்பதுதான் உங்கள் 4000. இன்னும் இரண்டு இழை போனால் முழுத் திறப்பிலேயே நின்றுவிடும், அதை நினைத்துப் பாருங்கள். முள்ளை வெட்டிவிட்டு ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், புதுக் கேபிள் போடுங்கள்.

ஆனால் கம்பி ஏன் அறுந்தது? சமீபத்தில் அந்தப் பக்கம் யாராவது கை வைத்தார்களா?

ஒன்பதாயிரம்:
போன மாதம் ஒரு பட்டறையில் இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றி மாட்டினார்கள். இப்போது பார்த்தால் பிராக்கெட்டில் கேபிள் உறை நேராக உட்காரவில்லை, சாய்ந்து நிற்கிறது. கம்பி வெளியே வருகிற இடத்தில் விளிம்பை உரசிக்கொண்டே போயிருக்கிறது.

பழைய சிலிண்டர்:
அதேதான். புதுக் கேபிளையும் அதே சாய்வில் மாட்டினால் அதுவும் அறுந்துபோகும், முதலில் பிராக்கெட்டை நிமிர்த்துங்கள். மாட்டியபின் தளர்வு பார்க்க மறக்காதீர்கள், வெளியே தெரிகிற கம்பியை விரலால் அமுக்கினால் 10–12 மில்லிமீட்டர் அசையவேண்டும். கடைசியில் ஒருவரைத் தரை வரை மிதிக்கச் சொல்லி, அரைவட்டம் முழுத் திறப்பு ஸ்டாப்பில் போய் முட்டுகிறதா என்று பாருங்கள்.

ஒன்பதாயிரம்:
கேபிள் மாற்றியாயிற்று, பிராக்கெட் ஒரு பக்கம் லேசாக வளைந்திருந்தது, அதையும் நிமிர்த்தினேன். காலால் ஐம்பது தடவை மிதித்து விட்டேன், ஒரு தடவைகூட ஒட்டவில்லை. சாயங்காலம் 8500 வரை இரண்டு இழுப்பு, காலை எடுத்ததும் ஊசி அப்படியே சரிகிறது. கிளட்சை மிதித்தால் மட்டும் 1500 பக்கம் ஒரு நொடி தயங்கி அப்புறம் ஐடிலுக்கு வருகிறது, பெடல் மேலேதான் இருக்கிறது.

கிரீஸ்கை:
அது நான் முதலில் சொன்ன இன்னொரு நோய். மேனிஃபோல்டைக் கழற்றினார்கள் என்றீர்களே, அங்கே காற்றுக் கசியாமல் அடைக்கிற கேஸ்கெட்டை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.