இல்விஸ் சகோதரர்களும் என் தமிழ் வகுப்பும்

2004 சுனாமிக்குப் பிந்தைய நாட்களில் நோர்வேயில் இருந்த எங்களுக்கு யான் ஏகெலான்டின் முகம் மனப்பாடம். ஐ.நா.வின் மனிதாபிமானப் பணிகளுக்கு அப்போது பொறுப்பாக இருந்த நோர்வேக்காரர் அவர். முல்லைத்தீவிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் ஏதாவது செய்தி வராதா என்று தொலைக்காட்சி முன்னால் தவம் கிடந்த வேளையில், பணக்கார நாடுகள் கஞ்சத்தனம் காட்டுகின்றன என்று வெளிப்படையாகச் சொன்னவர். எங்கள் வீட்டில் அவருக்குத் தனி மரியாதை.

அவரைப் பற்றி இல்விஸ் என்ற பெயரில் நகைச்சுவை செய்யும் இரண்டு நோர்வே சகோதரர்கள் வேடிக்கைப் பாட்டு ஒன்று பாடியிருக்கிறார்கள் என்று 2012இல் மகள் சொன்னபோது எனக்குச் சுருக்கென்றது. கேட்டுப் பார்த்தேன். எண்பதுகளின் ராக் பாடகர்கள் காதலுக்காக உருகுவார்களே, அதே உருக்கத்தோடு ஓர் ஐ.நா. அதிகாரியை சூப்பர் ஹீரோவாக்கிப் பாடியிருந்தார்கள். கோப்பும் கூட்டமுமாகக் கழிகிற உத்தியோகத்துக்கு அத்தனை பெரிய இசை! சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவர்மீதிருந்த மரியாதை ஒரு துளியும் குறையவில்லை.

வேகார்ட் அண்ணன், போர்ட் தம்பி. பெர்கனில் வளர்ந்தவர்கள், தந்தையின் வேலை காரணமாகச் சிறுவயதில் சில காலம் ஆப்பிரிக்காவிலும் இருந்திருக்கிறார்கள். அந்தப் பாட்டுக்குப் பிறகு தேடித் தேடிக் கேட்டேன். என்னைக் கட்டிப்போட்டது அவர்களுடைய இசைதான். சொல்லில் எவ்வளவு குறும்பு இருந்தாலும் பாடுகிற குரலில் சிரிப்பு எட்டிப்பார்ப்பதே இல்லை. இருவரில் ஒருவர் சிரித்துவிட்டாலும் பாட்டு படுத்துவிடும். ஒரே வீட்டில் வளர்ந்தவர்களுக்குத்தான் அந்தக் கட்டுப்பாடு இத்தனை இயல்பாக வரும் என்று நினைக்கிறேன்.

2013 செப்டம்பரில், நரி எப்படிக் கத்தும் என்று கேட்டு எந்த நரியும் எழுப்பாத விசித்திரச் சத்தங்களை அடுக்கும் அவர்களுடைய நரிப் பாட்டு (The Fox) வந்தது. நியூயார்க்கில் இருந்துகொண்டு ரிஹானாவுக்கும் பியான்சேவுக்கும் பாட்டு உருவாக்கிய நோர்வேயின் இருவர் குழுவான ஸ்டார்கேட்தான் அதற்கும் தயாரிப்பாளர்கள். உலகப் புகழ் பெற்றவர்களின் உதவி கிடைத்தும் நரியைப் பாடி வாய்ப்பைக் கெடுத்துக்கொண்டோம் என்று தங்கள் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் சொல்லிச் சிரிக்க வேண்டும் என்பதுதான் சகோதரர்களின் திட்டம். தோற்பதற்கென்றே செய்த அந்தப் பாட்டு அமெரிக்க பில்போர்ட் பட்டியலில் 6ஆம் இடம் வரை ஏறியது. அந்த ஆண்டு யூடியூபில் உலக அளவில் அதிகம் பேசப்பட்ட காணொளியும் அதுவே.

ஒஸ்லோவில் அதன் வீச்சை நான் கண்ணால் கண்டது எங்கள் வார இறுதித் தமிழ் வகுப்பில். நீலச் சாயத் தொட்டிக்குள் விழுந்த நரியின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். நிறம் மாறிய நரியை விலங்குகள் அரசனாக்கிவிட்டன. ஒருநாள் தூரத்தில் மற்ற நரிகளின் சத்தம் கேட்கிறது. தன்னை மறந்து இதுவும்... என்று நான் இழுத்ததுதான் தாமதம், கடைசி வாங்கிலிருந்து ஒரு பையன் அந்தப் பாட்டின் நரிக்குரலை எடுத்துவிட்டான். அதுவரை வகுப்பில் கேட்டதற்கு மட்டும் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லிவந்த பிள்ளை! அடுத்த நொடியே மொத்த வகுப்பும் சேர்ந்துகொண்டது. இரண்டு பெண்பிள்ளைகள் முன்னங்கால்களைப் போலக் கைகளை நெஞ்சருகே மடக்கிக்கொண்டு ஆடத் தொடங்கிவிட்டார்கள். பக்கத்து வகுப்பு ஆசிரியை கதவைத் திறந்து எட்டிப்பார்த்தார்.

ஒருவாறு அமைதியானதும் ஒரு சிறுமி கையை உயர்த்தினாள். "ரீச்சர், நரி இப்படிக் கத்தியிருந்தால் அது நரி என்று சிங்கம் கண்டுபிடித்தே இருக்காது!"

கதையின் முடிவை அன்று பிள்ளைகளே மாற்றினார்கள். அவர்கள் சொன்ன கதையில் நீல நரி இன்னமும் அரசனாகத்தான் இருக்கிறது.

நரிப் பாட்டை மட்டும் கேட்டவர்கள் அதோடு நிறுத்திவிடாதீர்கள். வாழ்வில் எல்லாம் கிடைத்தும், இங்கிலாந்தின் பழங்காலக் கல்வட்டமான ஸ்டோன்ஹெஞ்சின் மர்மம் விளங்காமல் தவிக்கும் ஒருவனைப் பற்றியும் இவர்கள் பாடியிருக்கிறார்கள். அதை ஹெட்போனில் கேளுங்கள்.