புதுப்பிப்பு: அம்மாவின் பித்தநாள விரிவு, எம்ஆர்சிபி முடிவு

அல்ட்ராசவுண்டில் அம்மாவின் பித்தநாளம் (கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தம் போகும் குழாய்) 11 மி.மீ. விரிந்திருக்கிறது, கல் தெரியவில்லை, அடுத்து சிடியா எம்ஆர்சிபியா (பித்த, கணைய நாளங்களைக் காட்டும் எம்ஆர்ஐ ஸ்கேன்) என்று முன்பு கேட்டிருந்தேன். எம்ஆர்சிபிதான் எடுத்தார்கள். நாளத்தின் கீழ்முனையில், கணையத் தலையை ஒட்டி, ஒரு கல். குடல் வாயு மறைப்பதால் அல்ட்ராசவுண்டில் அந்த இடம் அடிக்கடி தப்பிவிடுமாம்.

சாய ஊசி போடவில்லை. நாளத்தில் உள்ள பித்தமே வெள்ளையாக ஒளிர்கிறது, கல் அதில் கருப்பு ஓட்டையாகத் தெரிகிறது. காற்றுக்குமிழும் அப்படித்தான் தெரியும். ஆனால் மல்லாந்து படுத்திருக்கையில் குமிழ் மேலே மிதக்கும், கல் அடியில் கிடக்கும் என்று ரேடியாலஜிஸ்ட் குறுக்குவெட்டுப் படத்தில் காட்டினார். அசந்துபோனேன்! மூச்சடக்குவதுதான் அம்மாவுக்குச் சிரமமாக இருந்தது.

சரி, அடுத்து இஆர்சிபி (வாய் வழியே கேமராக் குழாயை விட்டு நாளத்தை எட்டும் முறை) செய்து கல்லை எடுக்கப் போகிறார்கள். அதில் கணைய அழற்சி வர வாய்ப்பு உண்டு. அதனால்தான் வெறும் படத்துக்காக அதைச் செய்வதில்லை. கட்டியாக இருக்குமோ என்று கவலைப்பட்டவர்களுக்கு: படத்தில் கட்டி எதுவும் இல்லை, கணையநாளமும் இயல்பு.