அந்த வீட்டின் இன்னொரு பிள்ளை

பெரம்பூரிலிருந்து:

அமெரிக்க எழுத்தாளர் ஜோடி பிக்கோ 2004இல் எழுதிய 'மை சிஸ்டர்ஸ் கீப்பர்' நாவலைப் பற்றி யார் பேசினாலும் பேச்சு ஆனாவில்தான் போய் நிற்கிறது. லுகேமியா என்னும் ரத்தப் புற்றுநோய் வந்த அக்கா கேட்டுக்கு உதவுவதற்காகவே, முன்கூட்டிப் பொருத்தம் பார்த்துப் பெற்ற பிள்ளை அவள். தொப்புள்கொடி ரத்தத்தில் ஆரம்பித்து எலும்பு மஜ்ஜை வரை கொடுத்தவள், சிறுநீரகமும் வேண்டும் என்றதும் 13 வயதில் வழக்குப் போடுகிறாள். நியாயமான கோபம்தான். ஆனால் என்னைத் தூங்கவிடாதவன் அவர்களுடைய அண்ணன் ஜெஸ்ஸி. அவனையும் சோதித்துப் பார்த்தார்கள், பொருந்தவில்லை. அதோடு வீட்டில் அவனைக் கவனிக்க ஆளில்லை. அப்பா தீயணைப்பு வீரர். பையன் ஊருக்குள் தீ வைத்துத் திரிகிறான்.

என் தம்பிக்கு ஏ.எல்.எல்., அதாவது லுகேமியாவில் ஒரு வகை, என்று தெரிந்தபோது அவனுக்கு ஆறு வயது, எனக்குப் பதினொன்று. குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் அதுதான் அதிகம். இன்றைக்குப் பெரும்பாலான பிள்ளைகள் குணமாகிவிடுகிறார்கள், ஆனால் சிகிச்சை இரண்டு மூன்று வருடம் இழுக்கும். அம்மாவும் தம்பியும் அடையாறு பக்கம் ஆஸ்பத்திரியில், நான் ஆயாவோடு பெரம்பூரில். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவோடு 29சி பிடித்துப் போவேன். அம்மா கீழே இறங்கி வந்ததும் என் நெற்றியில் கை வைப்பாள். "சளி இருக்கா? தொண்டை கரகரங்குதா?" கீமோவில் தம்பியின் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கியிருக்கும், என் மூக்கொழுகல் அவனை ஐசியூ வரை கொண்டுபோய்விடலாம். எனக்கும் அது புரிந்தது. புரிந்தாலும், அந்தக் கை எனக்காக நீண்ட கை இல்லை என்பதும் தெரிந்தது. பரீட்சை எப்படி எழுதினாய் என்று ஆயா மட்டும் கேட்பாள்.

முதல் மாதக் கீமோ முடிந்தும் மஜ்ஜையில் நோய் மிச்சம் இருந்தது. மாற்று மஜ்ஜை தேவைப்படலாம் என்று எனக்கும் ரத்தம் எடுத்தார்கள். உடன்பிறந்தவர்களுக்குள் முழுப் பொருத்தம் அமைய நாலில் ஒரு பங்குதான் வாய்ப்பு. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. அக்கா என்றால் பொருந்திவிடும் என்றே இருந்தேன். இல்லை என்று அப்பா ஃபோனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தபோது காதில் விழுந்ததுதான். முழு ஆண்டுத் தேர்வில் ஃபெயிலானதுபோல் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் கொடுத்த மருந்துகளிலேயே தம்பி தேறிவிட்டான். இப்போது கல்லூரியில் படிக்கிறான். என் ரத்தத்தில் என்ன குறை என்ற கேள்வி மட்டும் வருடக்கணக்கில் என்னோடு இருந்தது. ஒரு பிள்ளைக்கு முடியாமல் போனால், தயவுசெய்து மற்றப் பிள்ளையையும் உட்காரவைத்து விஷயத்தைச் சொல்லுங்கள். பதினொரு வயசுக்குப் புரியும்.

கோடம்பாக்கத்திலிருந்து:

ஆனாவின் வழக்கு நம் ஊரில் அப்படியே வந்திருக்காது. 1994ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டத்தில் தானம் தருபவர் என்றாலே 18 வயது நிரம்பியவர்தான். மஜ்ஜை வேறு. அது மறுபடி ஊறிவிடும் என்பதால் சின்னப் பிள்ளைகளிடமிருந்தும் பெற்றோர் கையெழுத்தோடு எடுக்கிறார்கள். என் சகோதரி மகள் எட்டு வயதில் அண்ணனுக்குக் கொடுத்தாள். இடுப்பு எலும்பில் ரெண்டு நாள் வலி. "வலிக்குமா?" என்று அவள் கேட்டபோது, "வலிக்கும்மா, ஆனா மயக்க மருந்து கொடுத்துத்தான் எடுப்போம்" என்று டாக்டர் மறைக்காமல் சொன்னார். அதற்குப் பிறகுதான் சரி என்றாள்.

வில்லிவாக்கத்திலிருந்து:

பெரம்பூர் தங்கச்சி எழுதியதைப் படித்துவிட்டு என் சின்ன மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டேன். பெரியவனுக்குத்தான் சிகிச்சை நடக்கிறது. ஸ்டீராய்டு மருந்து கொடுக்கும் நாட்களில் அவனுக்கு அடங்காத பசி. நடுராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து இட்லி கேட்பான், காரச்சட்னியோடு. தராவிட்டால் அழுகை, தந்தாலும் கோபம். நான் இட்லிப் பானையோடு நிற்க, இவள் போர்வைக்குள் முழித்துக்கொண்டு படுத்திருப்பாள். எல்லாவற்றையும் சொன்னேன்: நோயின் பெயர், முதுகில் ஏன் ஊசி போடுகிறார்கள், முடி திரும்ப வளரும் என்பது. கேட்டு முடித்துவிட்டு, "எனக்கும் ஒட்டிக்குமாம்மா?" என்றாள். அவன் குடித்த டம்ளரை அவள் தொடாததன் காரணம் அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. ஒட்டாது என்று சொன்னேன். நான் சொன்னது போதவில்லை. அடுத்த செக்கப்புக்குக் கூட்டிப்போய் டாக்டர் வாயாலேயே சொல்லவைத்தேன். இப்போது அவனுடைய ராத்திரி மாத்திரைக்கு அவள்தான் பொறுப்பு. காலண்டரில் டிக் போடுகிறாள், பாலோடு கொடுக்கக் கூடாது என்று என்னையே அதட்டுகிறாள்.